ஏழாவது அடிஸ்கேல்

மீன் கையில் இருந்தது. போன் ஏரியில் இருந்தது.

ஒரு நிமிடம் முன்புவரை இரண்டுமே ஆர்மான் லரோஷின் கையில்தான் இருந்தன. வலது கையில் மீனின் தாடையைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போனை நீட்டி, மீனும் தன் முகமும் ஒரே படத்தில் விழவேண்டும் என்று படகில் சற்றுப் பின்னால் சாய்ந்தார். மீன் ஒரு துள்ளு துள்ளியது. எதை விடுவது என்று யோசிக்க அவகாசம் இல்லை. கை தானாகவே முடிவெடுத்துவிட்டது. போன் ‘ப்ளக்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

அந்த இடத்தில் ஆழம் பதினாறு அடி. மே மாதம் பிறந்து இரண்டு நாள்தான் ஆகிறது. சாம்ப்ளேன் ஏரியில் பனிக்கட்டி உருகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. குதித்து எடுக்கலாமா என்று அவர் ஒரு கணம் நினைத்தார் என்பதே பெரிய வீரம்தான்.

“அடப்பாவி!” என்றார் ஆர்மான். மீனைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியவில்லை.

மீனை அளவுப் பலகையில் கிடத்தினார். மூக்கைப் பலகையின் முட்டில் வைத்து, வாலை மெல்ல நீவிவிட்டுப் பார்த்தார். இருபத்திரண்டே கால் அங்குலம்.

எங்கள் ஏரியில் பதினெட்டு அங்குல பாஸ் மீனைப் பிடித்தவன் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். இருபது பிடித்தால் ஊரே அவனைப் பற்றிப் பேசும். இருபத்திரண்டு என்று ஒருவன் சொன்னால் அவன் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். ஆர்மான் அதை ஏழு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏழு வருடங்களுக்கு முன், இதே மே மாதம், இதே கொல்லன் பாறை ஓரம் அவர் இந்த மீனைப் பிடித்தார். இதே மீன்தான், சந்தேகமே இல்லை. இடது கன்னத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. வாலின் மேல்நுனியில் ஒரு சின்னக் கிழிசல். சீசன் தொடங்கும் இந்த முதல் வாரங்களில் பாஸ் மீனைப் பிடிக்கலாம், வைத்துக்கொள்ளக் கூடாது. பிடித்த இடத்திலேயே, பிடித்த கையோடு, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். சட்டம் அப்படி. ஆர்மான் சட்டத்தை மதிக்கிறவர். விட்டுவிட்டார். மீனோடு சாட்சியும் நீந்திப் போய்விட்டது.

நேராக ஒடெட்டின் தூண்டில் கடைக்குப் போய், நின்ற நிலையில் மொத்தக் கதையையும் கொட்டினார். கடையில் வெளியூர்ப் படகுக்காரர்கள் இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். “எந்தப் பாறைன்னு சொன்னீங்க?” என்று அவர்களில் ஒருவர் எழுந்து வருவதற்குள், ஆர்மானின் மச்சினன் ஜெரார் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான். “மச்சானோட அங்குலத்துல இருபத்திரண்டு! நம்ம அங்குலத்துல பதினொண்ணு!” என்றான். கடையே சிரித்தது. கல்லாவில் இருந்த ஒடெட், சிவப்பு நகப்பூச்சு போட்ட விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெளியூர்க்காரர்களும் சிரித்துவிட்டுத் தெற்கே போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் ‘ஆர்மான் அங்குலம்’ என்று ஓர் அளவு உண்டு. ஆர்மான் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். “அஞ்சு நிமிஷத்துல போயிடலாம் பசங்களா” என்றால், பின் சீட்டிலிருந்து “எந்த அஞ்சு நிமிஷம், உங்களோடதா, எங்களோடதா?” என்று குரல் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது.

ஒவ்வொரு வருடமும் மே மாத முதல் ஞாயிறு, தீயணைப்பு நிலையத்தில் பொதுக் காலை உணவு. பான்கேக், மேப்பிள் பாகு, காப்பி. உள்ளூர், வெளியூர் என்று இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒடெட் மைக்கைப் பிடித்து, “நம்ம ஏரியின் மிகப் பெரிய மீனைப் பிடிச்ச ஆர்மானுக்கு!” என்று ஓர் அடிஸ்கேலைப் பரிசாகக் கொடுப்பாள். ஆறு வருடம், ஆறு அடிஸ்கேல். போன வருடம் அவருடைய மனைவி ஜோசெட்டும் கை தட்டினாள். ஆர்மானுக்கு அன்று பான்கேக் இறங்கவில்லை.

ஏழாவது அடிஸ்கேல் நாளை காலை.

“இந்தத் தடவை முடியாது” என்று மீனிடம் சொன்னார். “நீ யாருக்காவது உன் மூஞ்சியக் காட்டிட்டுத்தான் போகணும்.”

சுற்றிலும் பார்த்தார். அரை மைல் தள்ளி, குடாவின் வாயில், ஒரு பச்சைப் படகு. ஜெரார்! சிரிப்பைத் தொடங்கி வைத்தவனே சாட்சியாக வந்தால் அதைவிட வேறு என்ன வேண்டும்? ஐந்து நிமிடம் போதும். ஐந்தே நிமிடம், மீன் தொட்டியில்.

படகின் பின்பக்கம், மூடி போட்ட மீன் தொட்டி ஒன்று உண்டு. மீனை விட்டாக வேண்டிய இந்த வாரங்களில் அதற்கு வேலை கிடையாது. அதனால் எங்கள் ஊரில் எல்லோரும் அதை அலமாரியாக வைத்துக்கொள்வார்கள். ஆர்மானும் தன் சாப்பாட்டு டப்பா, பிளாஸ்க், மழைக்கோட்டு, கயிறு எல்லாவற்றையும் அதற்குள்தான் வைத்திருந்தார். எல்லாவற்றையும் வாரிப் படகின் தளத்தில் போட்டார். வாளியால் ஏரித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். மீனை உள்ளே விட்டு மூடினார்.

இப்போது அவர் குற்றவாளி. மாட்டினால் அபராதம் மட்டுமல்ல, தூண்டில் போடும் உரிமமும் போய்விடும். அவசர அவசரமாக என்ஜின் பொத்தானை அழுத்தினார்.

என்ஜின் ‘க்ளிக்’ என்றது. அவ்வளவுதான்.

பேட்டரி செத்துப்போயிருந்தது. காலையிலிருந்து ஆர்மானின் அடியில், ஜோசெட் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சூட்டு மெத்தை ஓடிக்கொண்டிருந்தது. படகின் மின்சாரத்தை எல்லாம் அது குடித்துவிட்டு, அவருடைய பின்பாகத்தை இதமாக வைத்திருந்தது. பேட்டரி இல்லையென்றால் மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்பும் கிடையாது. உள்ளே மீன் ஒரு தடவை வாலை அடித்தது.

எழுந்து நின்று இரண்டு கையையும் வீசினார். ஜெராரும் குஷியாகக் கையை வீசிவிட்டு, மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஜெரார்! டேய்!” என்று கத்தினார். காற்று எதிர்ப்பக்கம் வீசியது.

கைக்கு எட்டிய தூரத்தில் கை ஹாரன் இருந்தது. எடுத்து அழுத்தினார். ஜெரார் திரும்பவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும். பொறுமையிழந்து விரலை எடுக்காமலே அழுத்தினார். ஹாரனை விடாமல் அடித்தால் ஏரியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உயிருக்கு ஆபத்து, ஓடி வாருங்கள். இருபது வருடமாகத் தெரிந்த இந்த விஷயம், விரலை எடுத்த பிறகுதான் ஆர்மானுக்கு நினைவு வந்தது.

கொல்லன் பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிறப் படகு, மூக்கைத் தூக்கிக்கொண்டு, நீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. மீன்வள வார்டன் நதீன் ஷொகெட். கறாரான பெண். சொந்த மாமனுக்கே அபராதம் எழுதியவள்.

ஆர்மான் தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்தார்.

“யாருக்கு என்ன ஆச்சு அண்ணே?” நதீன் என்ஜினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து ஒட்டினாள்.

“ஒண்ணுமில்ல மேடம். பேட்டரி போச்சு.”

“மேடமா?” நதீன் புருவத்தைத் தூக்கினாள். “சின்னப் புள்ளைல உங்க பஸ்ல வாந்தி எடுத்தவ நான். இன்னைக்கு என்ன புதுசா மேடம்?”

“யூனிபாரத்துக்கு ஒரு மரியாதைதான்.”

“பேட்டரிக்கா இந்த ஹாரன்? எனக்கு உசுரே போச்சு. சரி, இந்தாங்க கயிறு. எழுந்து முன்னாடி கட்டுங்க, இழுத்துட்டுப் போறேன்.”

கயிறு அவர் மடியில் வந்து விழுந்தது. படகின் முன்பக்கம் ஆறடி தள்ளி இருந்தது. எழுந்தால் மூடி. மூடி என்றால் மீன்.

“முடியாது” என்றார் ஆர்மான்.

“ஏன்?”

“இடுப்பு.” வாயிலிருந்து அதுவாகவே வந்துவிட்டது. “சட்டுனு பிடிச்சுக்கிச்சு. எழுந்திரிக்கவே முடியல. அதான் ஹாரன்.”

நதீனின் முகம் மாறியது. “முதல்லயே சொல்லக் கூடாதா? அசையாதீங்க! கால் மரத்துப் போகுதா?”

“கொஞ்சம்.”

“ரெண்டு காலுமா?”

ஒரு காலா இரண்டு காலா, எது அபாயம் குறைவு என்று தெரியாமல், “ஒண்ணரை” என்றார் ஆர்மான்.

நதீன் ரேடியோவை எடுத்துவிட்டாள். எங்கள் ஊர் ஆம்புலன்ஸை ஓட்டுகிறவளும் தூண்டில் கடை ஒடெட்தான். சம்பளமில்லாத வேலை, பதினைந்து வருடமாகச் செய்கிறாள். “ஒடெட், ஆம்புலன்ஸோட துறைக்கு வா. ஆர்மான் அண்ணனுக்கு இடுப்பு. எங்கயா? வந்து... வடக்குப் பக்கம். பொதுவா வடக்குப் பக்கம்னு வெச்சுக்க.” பத்தடி தள்ளிக் கொல்லன் பாறை இருக்க, இவள் ஏன் இப்படி மழுப்புகிறாள் என்று வேறொரு நாளாக இருந்தால் ஆர்மான் யோசித்திருப்பார். இன்று அவர் கவலையெல்லாம் அடியில் இருந்தது.

அடியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம்.

“என்ன சத்தம்?” என்றாள் நதீன்.

“வயிறு. காலைல ஒண்ணும் சாப்பிடல.”

அவள் பார்வை படகின் தளத்தை ஒரு சுற்று சுற்றியது. சாப்பாட்டு டப்பா. பிளாஸ்க். மழைக்கோட்டு. கயிறு. இந்த மாதத்தில் தொட்டிக்குள் இருக்க வேண்டியவை எல்லாம் வெளியே கிடந்தன.

“டப்பாவ ஏன் கீழ போட்டிருக்கீங்க அண்ணே?”

“எடுத்துச் சாப்பிடலாம்னு குனிஞ்சேன். அப்பதான் பிடிச்சுக்கிச்சு.”

“மழைக்கோட்டு?”

“மழை வர்ற மாதிரி இருந்துச்சு.”

வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. நதீன் அண்ணாந்து பார்த்தாள். பிறகு நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அது ஆர்மானுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பச்சைப் படகும் வந்து சேர்ந்தது. கை வீசியபோதும் கத்தியபோதும் வராதவன், இப்போது வந்தான்.

“என்ன மச்சான், உங்க இருபத்திரண்டு அங்குலம் வந்து இடுப்புல கடிச்சுருச்சா?” ஜெரார் தன் படகை நதீனின் படகோடு கட்டிவிட்டு, ஆர்மானின் படகுக்குள் தாவிக் குதித்தான். அவன் முழங்கால் மீன் தொட்டியிலிருந்து ஓர் அடி தூரத்தில் வந்து நின்றது.

ஏழு வருடமாக ஆர்மான் தேடிய சாட்சி, ஓர் அடி தூரத்தில். மூடியைத் தூக்கினால் போதும். ஜெராருக்குப் பின்னால் நதீன் நோட்டுப் புத்தகத்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். ஆர்மானுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ரொம்ப வலிக்குதா மச்சான்? கண்ணெல்லாம் கலங்குது?”

“ஆமா மாப்ளே. ரொம்ப வலிக்குது.” அது பொய்யில்லை.

“மீன் ஏதாவது மாட்டுச்சா?”

“இல்ல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“கொல்லன் பாறைல காலைலேர்ந்து உக்காந்து, நீங்க, ஒண்ணுகூட இல்லைன்னு சொல்றீங்க?”

“இல்லடா! சத்தியமா ஒண்ணும் பிடிக்கல!”

ஜெரார் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். “நதீன், நீதான் சாட்சி. ஏழு வருஷத்துல மச்சான் மீனப் பத்திச் சொன்னதுல, இந்த ஒண்ண நான் நம்புறேன்.”

‘தொம்.’

“வயிறு” என்றார்கள் ஆர்மானும் நதீனும் ஒரே சமயத்தில். ஜெரார் நதீனைப் பார்த்தான். நதீன் ஜெராரைப் பார்த்தாள். பிறகு இருவரும் அவசரமாகக் கயிற்றைக் கட்டப் போனார்கள்.

சாம்பல் படகு முன்னே, ஆர்மானின் படகு கயிற்றில் பின்னே. இடுப்புக்கு ஆகாது என்று நதீன் ஆமை வேகத்தில் போனாள். துறைக்குப் பதினைந்து நிமிடம் ஆகும் போலிருந்தது. ஜெரார் ஆர்மானின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். முட்டை சாண்ட்விச் டப்பாவைத் திறந்து நீட்டினான்.

“சாப்பிடுங்க மச்சான். வயிறு சத்தம் போடுது.”

பசியே இல்லாமல் சாண்ட்விச்சைக் கடித்தார். ‘தொம்’ என்றது. இன்னொரு கடி. நீண்ட நேரம் கழித்து மறுபடி, மெதுவாக, ‘தொம்’.

இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஆர்மான் மெல்வதை நிறுத்தினார். காற்றில்லாத தொட்டி, ஐந்து வாளித் தண்ணீர், அதில் அவ்வளவு பெரிய உடம்பு. மூடியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, முதுகுக்குப் பின்னால் அதை ஒரு கையளவு தூக்கி, கையை உள்ளே விட்டார். விரல்கள் குளிர்ந்த செதிலில் பட்டன. மீன் விலகவில்லை. வெறுமனே செவுளை அசைத்துக்கொண்டிருந்தது; அதுவும் அவ்வப்போதுதான்.

மீனாக இருந்தாலும் இவள் அவரைவிட நல்லபடியாக நடந்துகொண்டாள் என்று ஆர்மானுக்குத் தோன்றியது. ஏழு வருடம் முன்பு அவர் விட்டார், அவள் போனாள். இத்தனை தூண்டில், இத்தனை குளிர்காலம் தாண்டி, இன்று மறுபடி வந்தாள். இன்று காலை அவள் தாடையில் ஆறிப்போன ஓட்டைத் தழும்புகள் மூன்று நான்கு இருப்பதைப் பார்த்து, எல்லாம் அன்று என் தூண்டில் போட்ட தழும்புதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டாரே, அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருந்தது. ஒரு ஸ்கேலுக்குப் பயந்து அவளைக் கொல்கிறேன் என்று நினைத்தார்.

துறை நெருங்கியது. மரப்பாலத்தில் ஒடெட் ஸ்ட்ரெச்சரோடு நின்றுகொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்த உடம்பு. துறைக்கு வரும் பாதையில் சங்கிலியைக் குறுக்கே போட்டு அடைத்துவிட்டு வந்திருந்தாள். ஓர் இடுப்புப் பிடிப்புக்கு இவ்வளவு ஏற்பாடா என்று ஆர்மானுக்குக் கூச்சமாக இருந்தது. வேறு ஈ காக்கைகூட இல்லை.

உள்ளே கை வைத்திருந்த இடத்தில் செவுள் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். பத்துவரை எண்ணினார்.

“நிறுத்து!” என்று கத்தினார். “நதீன், நிறுத்து! மீன் இருக்கு!”

“எங்க?”

“எனக்கு அடியில!”

எழுந்தார். ஒன்றரைக் கால் மரத்துப்போன மனிதர், மூடியைத் தூக்கி எறிந்து, இரண்டு கையாலும் மீனை வாரியெடுத்து, படகின் விளிம்பைத் தாண்டி, தொடையளவு பனித் தண்ணீரில் ‘தொபீர்’ என்று குதித்தார். ஒடெட்டின் கையிலிருந்து ஸ்ட்ரெச்சர் நழுவியது.

மீனை நிமிர்த்திப் பிடித்தார். வயிற்றுக்கு அடியில் ஒரு கை, வாலில் ஒரு கை. தலையை மெல்ல முன்னே நகர்த்தி, தண்ணீரைச் செவுளுக்குள் ஓடவிட்டார். “மூச்சு விடு தாயி. நான் செஞ்சது தப்பு. மூச்சு விடு.” பல் கிட்டியது. கால் நிஜமாகவே மரத்துப்போனது. மேலே மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

செவுள் ஒரு தடவை திறந்தது. மறுபடியும். வால் அவர் மணிக்கட்டில் ஓர் அடி அடித்தது. கறுப்புப் பொத்தான் வெயிலில் ஒரு தரம் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த நொடி கையில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

ஆர்மான் நின்ற இடத்திலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நதீனைப் பார்த்தார். “எழுதும்மா. தப்பு என்னோடதுதான்.”

நதீன் நோட்டைத் திறந்தாள். “பேர்?”

“தெரியாதா உனக்கு?”

“கேக்கணும். மீன்?”

“பாஸ்.”

“நீளம்?”

“இருபத்திரண்டே கால் அங்குலம்.”

பேனா எழுதியது. யாரும் சிரிக்கவில்லை. ஆர்மானின் மண்டையில் அப்போதுதான் ஒரு விளக்கு எரிந்தது. அபராதச் சீட்டு! வார்டனின் கையெழுத்து, அரசாங்க முத்திரை, நடுவில் இருபத்திரண்டே கால் அங்குலம்! போன், படம் எதுவும் வேண்டாமே. நாளைக்குக் காலையில் இருநூறு பேர் முன்னால் மைக்கில் வாசிக்கலாம்! உரிமம் போனால் போகட்டும்.

“பிடிச்ச இடம்?” என்றாள் நதீன்.

“கொல்லன் பாறை! கிழக்குப் பக்கம், பதினாறு அடி ஆழம்! நல்லா அழுத்தி எழுது!”

பேனா நின்றுவிட்டது.

“இந்தச் சீட்டோட நகலை ஆபீஸ் வாசல்ல ஒட்டுவாங்க” என்றாள் நதீன், யாரையும் பார்க்காமல். “போறவன் வர்றவன் எல்லாம் படிப்பான்.”

ஜெரார் தொண்டையைச் செருமினான்.

நதீன் தாளைக் கிழித்தாள். நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். “பேனால மை இல்ல அண்ணே.”

“என்னது?”

“மை இல்ல. விடுங்க.”

“நான் தர்றேன் பேனா! என்கிட்ட மூணு பேனா இருக்கு!” ஆர்மான் தண்ணீரை அடித்துக்கொண்டு முன்னே வந்தார். “நான் குற்றவாளி! அரை மணி நேரம் தொட்டியில வெச்சிருந்தேன்! அதிகாரிகிட்டப் பொய் சொன்னேன்! எனக்கு அபராதம் போடு!”

“எதுக்கு?”

“மீனுக்கு!”

“எந்த மீனுக்கு?” என்றாள் சொந்த மாமனுக்கே அபராதம் எழுதிய நதீன்.

ஆர்மான் ஜெராரின் பக்கம் திரும்பினார். “மாப்ளே, நீ பாத்தல்ல? கன்னத்துல பொத்தான், வால்ல கிழிசல், நான் சொன்னபடியே! பாத்தல்ல?”

ஜெரார் வானத்தைப் பார்த்தான். “மழை வர்ற மாதிரி இருக்கு மச்சான்” என்றான்.

“டேய்!” ஆர்மான் படகின் விளிம்பைப் பிடித்து உலுக்கினார். “ஏழு வருஷம்டா! ஏழு வருஷமா ஊர் சிரிக்குது, என் பஸ்ல புள்ளைங்க சிரிக்குது, என் பொண்டாட்டி கை தட்டுறா. இன்னைக்கு என் கையில இருந்தத மூணு பேரு கண்ணால பாத்தீங்க. பாத்துட்டும் இல்லைங்கிறீங்களே, நான் உங்களுக்கெல்லாம் அப்படி என்ன பாவம் பண்ணேன்?”

ஜெரார் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான். நதீன் தன் பூட்ஸைப் பார்த்தாள்.

இதுவரை வாயே திறக்காத ஒடெட், பாலத்தின் விளிம்புக்கு வந்து முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் கம்பளியை விரித்து, தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருந்த ஆர்மானின் தோளில் போர்த்தினாள். பாதையில் போட்ட சங்கிலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, சிவப்பு நகப்பூச்சு போட்ட விரலால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“கத்தாத ராசா, நாளைக்கு வெளியூர்ப் படகுக்காரங்க நூறு பேர் சாப்பிட வர்றாங்க, நீ சிரிச்ச முகமா வந்து ஸ்கேலை வாங்கிக்க, போன வருஷம் நான் பிடிச்சப்போ அவ இருபத்திரண்டுதான் இருந்தா, நீ ஊருக்குப் பொய்யனா இருக்கிறதாலதான் இன்னைக்குக் கால் அங்குலம் வளந்திருக்கா.”